நோயாளி வராத நாளுக்கும் டாக்டருக்குப் பணம்: வாசகர் கேள்விகள்

போன மாதம் இந்தப் பக்கத்தில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2019-ல் தொடங்கிய முதல்நிலை மருத்துவத் திட்டத்தைப் பற்றி (மேரிலாந்து பிரைமரி கேர் புரோகிராம்), நோயாளி வராவிட்டாலும் குடும்ப டாக்டருக்கு மாதக் கணக்கில் தொகை தருகிற திட்டம், விருப்பப்பட்டால் சேரலாம் என்று போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். பால்டிமோருக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் அந்தத் திட்டத்தின் கீழ் கேர் மேனேஜராக, அதாவது நோயாளிகள் வீட்டில் இருக்கும்போதும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவளாக, சில வருடம் வேலை பார்த்தவள் என்றும் வாயை விட்டுவிட்டேன். சர்க்கரைக்காரர்கள் கஞ்சி குடிக்கலாமா என்று மாதாமாதம் கேட்கிறவர்கள்கூட இந்தத் தடவை கஞ்சியை விட்டுவிட்டு இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்க இதுவே. கஞ்சி அடுத்த மாதம்.

அப்பாவின் பழைய ஃபைலைப் புரட்டியபோது, 2021-ல் அவருடைய கிளினிக்கிலிருந்து வந்த ஒரு கடிதம் கிடைத்தது. 'நாங்கள் மேரிலாந்து பிரைமரி கேர் புரோகிராமில் இருக்கிறோம்' என்று எழுதியிருக்கிறது. நாங்கள் எதிலும் கையெழுத்துப் போட்டதாக ஞாபகம் இல்லை. பில் ஏதாவது பாக்கி விழுந்திருக்குமா?
– ஜெர்மன்டவுன் வாசகர்

ஒரு பைசா பாக்கி இல்லை, தூங்குங்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்தது உங்கள் அப்பா இல்லை, அவருடைய டாக்டர். 'விருப்பப்பட்டால் சேரலாம்' என்பதே டாக்டருக்குச் சொன்னதுதான், நோயாளிக்கு இல்லை. மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மத்திய அரசு தரும் மருத்துவக் காப்பீடு. தனியார் கம்பெனி வழியாக இல்லாமல் நேரடி மெடிகேரில் இருப்பவர் யாரிடம் அதிகமாகக் காட்டிக்கொள்கிறார் என்று மெடிகேரே பழைய பில்களை வைத்துக் கணக்குப் போட்டு, இவர் இந்த கிளினிக்கின் ஆள் என்று எழுதிக்கொள்ளும். அப்படி எழுதிக்கொண்டதால் உங்கள் அப்பா வேறு டாக்டரிடம் போகக் கூடாது என்றோ, ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க அனுமதி வாங்க வேண்டும் என்றோ ஆகிவிடாது. அவருடைய மெடிகேர் முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. அவர் பெயரில் மாதாமாதம் கிளினிக்குக்குப் போன பராமரிப்புத் தொகையில் நோயாளியின் பங்கு என்று ஒன்றும் கிடையாது, கோ-பே கிடையாது. தன் மருத்துவ விவரங்களை கிளினிக்கோடு பகிர வேண்டாம் என்று மெடிகேரிடம் சொல்லிவிடும் உரிமையும் அவருக்கு இருந்தது. அந்தக் கடிதத்தில் கீழே சின்ன எழுத்தில் அது இருக்கும், பாருங்கள்.

இத்தனை மாநிலங்கள் இருக்க மேரிலாந்துக்கு மட்டும் என்ன இப்படி ஒரு ஆசை? யார் ஆரம்பித்தார்கள், எதற்கு?
– எலிகாட் சிட்டி வாசகி

இதற்கு ஐம்பது வருடம் பின்னால் போக வேண்டும், பொறுமையாகப் படியுங்கள். அமெரிக்காவில் ஒரே ஆபரேஷனுக்கு ஒரே மருத்துவமனை ஆளுக்கொரு விலை வைக்கும் என்பது நமக்கெல்லாம் பட்டுத் தெரிந்த சங்கதி. மெடிகேருக்கு ஒரு விலை, தனியார் இன்ஷூரன்ஸுக்கு ஒரு விலை, இன்ஷூரன்ஸே இல்லாத அப்பாவிக்கு எல்லாவற்றையும்விட பெரிய விலை. மேரிலாந்தில் மட்டும் அப்படி இல்லை. 1970-களிலிருந்தே அங்கே மருத்துவமனைக் கட்டணத்தை ஒரு மாநில ஆணையம் நிர்ணயிக்கிறது, யார் பணம் கட்டினாலும் அந்த மருத்துவமனைக்கு அதே விலைதான். மெடிகேரும் அந்த விலையையே தருவதற்கு மத்திய அரசு தனியாக விலக்கு கொடுத்திருந்தது.

2014-ல் இன்னொரு படி ஏறினார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இந்த வருடம் உனக்கு மொத்த வருமானம் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே வரம்பு கட்டிவிட்டார்கள். இதை யோசித்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். அதுவரை கட்டில் நிரம்பினால் லாபம். இப்போது கட்டில் காலியாக இருந்தால்தான் லாபம். வருமானம் நிலையாக வருகிறது, ஆள் குறைந்தால் செலவு குறைகிறது. ஆக, நோயாளி திரும்பத் திரும்ப அட்மிட் ஆகாமல் இருக்க வேண்டும் என்ற கவலை மருத்துவமனைக்கு வந்துவிட்டது.

ஆனால் நோயாளி அட்மிட் ஆகாமல் பார்த்துக்கொள்வது யார் கையில் இருக்கிறது? வெளியே தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் குடும்ப டாக்டர் கையில். அவருக்கோ பழைய கணக்குத்தான்: நோயாளி நேரில் வந்தால் பணம், வராவிட்டால் இல்லை. மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் போனில் சொல்ல, அரை மணி நேரம் பேசி மருந்தை மாற்றி, எமர்ஜென்சிக்குப் போகாமல் அவரைக் காப்பாற்றினால் டாக்டருக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்தத் திட்டம். 2018 ஜூலையில் அப்போதைய ஆளுநர் லாரி ஹோகன் மத்திய அரசுடன் ஒப்பந்தம் போட்டார். மருத்துவமனை மட்டுமில்லாமல் வெளிச்செலவும் சேர்த்து, மெடிகேரின் மொத்தச் செலவையே கட்டுக்குள் வைப்போம், 2023 முடிவதற்குள் வருடத்துக்கு 30 கோடி டாலர் மிச்சம் பிடிக்கும் நிலைக்கு வருவோம் என்று மாநிலம் வாக்குக் கொடுத்தது. அதே ஒப்பந்தத்தின் ஒரு கைதான் பிரைமரி கேர் திட்டம். 2019 ஜனவரி 1 அன்று 380 கிளினிக்குகளோடு தொடங்கியது. அடுத்த வருடம் 476, அதற்கடுத்த வருடம் 525.

டாக்டர்களை ஏன் கட்டாயப்படுத்தவில்லை என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார், அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை நாற்பது ஐம்பதுதான், கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிவிடலாம். கிளினிக் அப்படியா? ஒவ்வொன்றும் தனிக்கடை. ஒருவர் மனைவியையே ரிசப்ஷனில் உட்கார வைத்து நடத்துவார், இன்னொருவருக்கு ஆறு கிளை இருக்கும். இவர்களைச் சட்டம் போட்டு இழுத்தால், சில பேர் மெடிகேர் நோயாளியே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். கூப்பிட்டுப் பார்ப்போம், வருகிறவர்கள் வரட்டும் என்பதுதான் அங்கே நடக்கக்கூடிய வழி.

எங்கள் கிளினிக்கிலிருந்து ஒரு பெண்மணி அடிக்கடி போன் செய்து 'மாத்திரை சாப்பிட்டீர்களா, எடை பார்த்தீர்களா' என்று கேட்பார். முதலில் ஏதோ விற்க வந்தவர் என்று இரண்டு தடவை கட் செய்துவிட்டேன். உண்மையில் இவர்கள் வேலை என்ன?
– கொலம்பியா வாசகர், வயது 74

கட் செய்யப்பட்டவர்கள் சார்பில் பேசுகிறேன் ஐயா. ஒரு நாளைச் சொல்கிறேன், புரியும்.

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தவுடன் ஒரு பட்டியல் வந்திருக்கும். மேரிலாந்தில் கிரிஸ்ப் என்று ஒரு தகவல் வலை இருக்கிறது. நம் கிளினிக் நோயாளி மாநிலத்தில் எந்த மருத்துவமனையில் நுழைந்தாலும், எங்கிருந்து டிஸ்சார்ஜ் ஆனாலும் அது நமக்குச் செய்தி அனுப்பிவிடும். அதற்கு முன்னால் எப்படித் தெரிந்துகொண்டோம் என்கிறீர்கள்? தெரிந்துகொள்ளவில்லை, அதுதான் உண்மை. மூன்று வாரம் கழித்து நோயாளி வந்து, 'நான்தான் ஐ.சி.யூ.வில் இருந்தேனே, உங்களுக்குத் தெரியாதா' என்பார். நாங்கள் ஃபேக்ஸ் மெஷினைப் பார்ப்போம், அது எங்களைப் பார்க்கும்.

பட்டியலில் டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கு இரண்டு வேலைநாளுக்குள் பேசிவிட வேண்டும். எமர்ஜென்சிக்குப் போய் அட்மிட் ஆகாமல் திரும்பியவர்களுக்கு ஒரு வாரத்துக்குள். ஒருவர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறார். செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில் வளர்ந்தவர், எழுபதைத் தாண்டியவர், இதயம் பலவீனமாகி காலில் நீர் கோத்து ஒரே கோடையில் இரண்டு தடவை அட்மிட் ஆனவர். போனில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டில் இருக்கிற மாத்திரை டப்பா அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றேன். மளிகைக் கடையில் தருகிற பழுப்புக் காகிதப் பை நிறையக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். பதினாலு டப்பா. அதில் மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் ஒன்று, நம் டாக்டர் பழையபடி எழுதியது. மெட்டோப்ரோலால் சக்சினேட் ஒன்று, மருத்துவமனையில் புதிதாக எழுதியது. பின்பாதிப் பெயர் வேறே தவிர உள்ளே இருக்கிற மருந்து ஒன்றுதான், ஒன்றுக்குப் பதிலாகத்தான் மற்றதைக் கொடுத்திருக்கிறார்கள். இவர் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். நாடித் துடிப்பு 48. தலை சுற்றுகிறது என்பதை வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் அறைக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னேன், ஒன்றை அங்கேயே நிறுத்தினார். அப்புறம் உப்பு. நான் உப்பே தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். பொய் சொல்லவில்லை, உப்பு ஜாடியை அவர் தொடுவதில்லைதான். சனிக்கிழமை என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். நண்டு. நண்டு மேல் என்ன? கேட்ட கேள்வியே முட்டாள்தனம் என்பது போலப் பார்த்தார். மேரிலாந்துக்காரர் நண்டு மேல் ஓல்ட் பே மசாலாவைத் தவிர வேறு என்ன போடுவார்? அது பாதி உப்பு என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கு, நம் ஊரில் மாங்காய் ஊறுகாயும் உப்புக் கணக்குதான் என்று ஒரு பெரியவரிடம் சொன்னால் எப்படிப் போகுமோ அப்படி. நண்டை விடச் சொல்லவில்லை. மசாலாவைப் பாதியாக்கி, தினமும் காலையில் பல் தேய்த்தவுடன் எடை பாருங்கள், ஒரே நாளில் மூன்று பவுண்டோ ஒரு வாரத்தில் ஐந்து பவுண்டோ ஏறினால் எமர்ஜென்சிக்கு இல்லை, எனக்குப் போன் பண்ணுங்கள் என்றேன். பண்ணினார். நான் வேலையில் இருந்தவரை ஒவ்வொரு கோடையும் இரண்டு மூன்று தடவை பண்ணினார், டாக்டர் நீர் இறக்கும் மாத்திரையைக் கூட்டிச் சொல்வார், அவர் வீட்டிலேயே இருப்பார்.

இந்த மாதிரி வேலைக்கு மெடிகேரில் பில் போடவே வழியில்லை என்று சொல்ல மாட்டேன். 2015 முதல் ஒரு வழி இருந்தது, ஆனால் அதில் நோயாளி சம்மதம் தர வேண்டும், 20 சதவீதம் அவரும் கட்ட வேண்டும். போன் பண்ணி நலம் விசாரித்ததற்கு எனக்கு பில்லா என்று சண்டைக்கு வருவார்கள், நியாயம்தானே. அதனால் நிறைய கிளினிக்குகள் அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்த தடவை அந்தப் பெண்மணி கூப்பிட்டால் எடுங்கள் ஐயா.

நாங்கள் இரண்டே டாக்டர்கள். 2019-ல் சேரச் சொல்லி அழைப்பு வந்தது, காகித வேலைக்குப் பயந்து சேரவில்லை. தப்புப் பண்ணிவிட்டோமா? பணம் உண்மையில் எவ்வளவு வந்திருக்கும்?
– ஃபிரெடரிக், பெயர் வேண்டாம்

டாக்டர், கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன், தப்பா சரியா என்று நீங்களே சொல்லுங்கள். முதலில், உங்கள் கிளினிக்கின் கணக்கில் நேரடி மெடிகேர் நோயாளிகள் குறைந்தது 125 பேராவது இருக்க வேண்டும். தடம் ஒன்று, தடம் இரண்டு என்று இரண்டு வகை. முதல் தடத்தில் நோயாளியின் ஆபத்து அளவைப் பொறுத்துத் தலைக்கு மாதம் 6 டாலரிலிருந்து ஆரம்பித்து 8, 16, 30, மிகச் சிக்கலானவர்களுக்கு 50 வரை. இரண்டாம் தடத்தில் 9-ல் ஆரம்பித்து அதிகபட்சம் 100. உங்களிடம் 400 பேர் என்று வையுங்கள், சராசரி 15 டாலர் என்றால் மாதம் 6,000, வருடம் 72,000 டாலர். இது நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை முன்பணமாக வருவது.

இதோடு ஊக்கத்தொகை ஒன்று. முதல் தடத்தில் தலைக்கு மாதம் இரண்டரை டாலர், அந்த 400 பேருக்கு வருடம் 12,000. இதில் ஒரு குறும்பு இருக்கிறது: வருட ஆரம்பத்திலேயே முழுசாகக் கையில் தந்துவிடுவார்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்ததா, சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவர்கள் குறைந்தார்களா, நோயாளிகள் திருப்தியா, எமர்ஜென்சிக்கும் அட்மிஷனுக்கும் போவது குறைந்ததா என்று அப்புறம் பார்த்து, எட்டாத பங்கைத் திருப்பிக் கேட்பார்கள். கையில் வராத காசைவிட, வந்து திரும்பப் போகிற காசு மனிதனை அதிகம் உலுக்கும் என்று யாரோ நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் கிளினிக்கில் முதல் வருடப் பணத்தைக் கிளினிக் முதலாளி உடனே செலவழித்துவிட்டார். அடுத்த வருடம் கணக்கு வந்த அன்று அவர் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இனி காகித வேலை. அதற்குப் பயந்தது தப்பே இல்லை. இரவு இரண்டு மணிக்கு நோயாளி கூப்பிட்டாலும் அவருடைய பதிவைத் திறந்து பார்க்கக்கூடிய ஒருவர் போனை எடுக்க வேண்டும். மன அழுத்தம், குடிப்பழக்கம் இரண்டையும் கேட்டு எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, என்ன செய்தீர்கள் என்று நீளமான கேள்வித்தாள். இரண்டு டாக்டர் கிளினிக்கில் இதை யார் செய்வது? மேரிலாந்து இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தது, திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நர்ஸ், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் எல்லோரையும் வேலைக்கு வைத்து, சின்ன கிளினிக்குகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் பொது அமைப்புகளை உருவாக்கினார்கள். நீங்கள் பராமரிப்புத் தொகையில் 50 சதவீதம் விட்டுக்கொடுத்தால் அவர்களே ஒரு கேர் மேனேஜரை உங்கள் கிளினிக்கில் உட்கார வைப்பார்கள். 30 சதவீதம் என்றால் ஆளை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும், மற்ற உதவிகளை அவர்கள் தருவார்கள். அந்த 72,000-ல் பாதி போனாலும் 36,000 மிச்சம், ஒரு நர்ஸும் கிடைக்கிறார். தனியாக நீங்கள் ஒரு நர்ஸை வேலைக்கு எடுத்தால் அந்த 72,000 முழுசும் போதாது.

குறையும் உண்டு. இந்தப் பொது அமைப்புகளில் பலவற்றைப் பெரிய மருத்துவமனைக் குழுமங்களே நடத்தின. உங்களுக்கு உதவ வருகிற நர்ஸ் சம்பளம் வாங்குவது, நாளைக்கு உங்கள் கிளினிக்கை விலைக்கு வாங்கலாமா என்று யோசிக்கிற இடத்தில். சில டாக்டர்கள் இதனாலேயே ஒதுங்கினார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

என் கருத்தைக் கேட்டால்: காகிதத்துக்குப் பயந்து ஒதுங்கியிருந்தால் தப்பு, அதைச் செய்ய ஆள் தந்தார்கள். நோயாளி வீட்டில் இருக்கும்போதும் அவரைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை என்று ஒதுங்கியிருந்தால் சரி. நேரமில்லாதவர்கள் சேர்ந்து, பணத்தை வாங்கிக்கொண்டு, பெட்டியில் டிக் மட்டும் அடித்ததையும் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் மக்களைத் தேடி மருத்துவமும் இதுவும் ஒன்றுதானா?
– திருநெல்வேலி வாசகர்

நோக்கம் ஒன்று, வண்டி வேறு. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது அது. பிரஷர், சுகர் மாத்திரையைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீடு தேடி வருகின்றன. நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் நாமே போவது என்பதுதான் இரண்டிலும் இருக்கிற உயிர்.

ஆனால் தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் அரசாங்கத்தினுடையது. உத்தரவு போட்டால் மறுநாள் நடக்கும், அல்லது நடந்ததாகப் பதிவேட்டிலாவது ஏறும். மேரிலாந்தில் அரசுக்கு கிளினிக்கே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியார் டாக்டரிடம் போய், ஐயா நீங்கள் இப்படிச் செய்தால் நாங்கள் இவ்வளவு தருகிறோம் என்று கெஞ்ச வேண்டும். எனக்கென்னவோ, நம் ஊரிலும் பாதிப் பேர் தெருமுனைத் தனியார் டாக்டரிடம்தானே போகிறார்கள், அவர்களையும் இப்படிக் கூப்பிட்டால் என்ன என்று தோன்றும்.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பலன் இருந்ததா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
– சில்வர் ஸ்பிரிங் வாசகர்

ஒரே வார்த்தையில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

மேரிலாந்து திட்டத்துக்கு அச்சாக இருந்தது 2017 முதல் 2021 வரை மத்திய அரசு பல மாநிலங்களில் நடத்திய இன்னொரு திட்டம். ஏறக்குறைய இதே தடங்கள், இதே தொகைகள். அதை ஆராய்ந்தவர்கள் சொன்னது: எமர்ஜென்சிக்குப் போவது லேசாகக் குறைந்தது, ஆனால் டாக்டர்களுக்குக் கொடுத்த கூடுதல் பணத்தையும் சேர்த்துப் பார்த்தால் மெடிகேருக்குச் செலவு கூடத்தான் செய்தது. இதை ஒளிக்க வேண்டியதில்லை. பத்து இருபது வருடம் ஒழுகிய கூரையை ஒட்டுப் போட்டால் முதல் வருடமே காசு மிச்சமாகுமா என்று நான் கேட்பேன், கணக்குப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மேரிலாந்தில் அளப்பதே சிரமம். மருத்துவமனைகளுக்கு ஏற்கெனவே வருமான வரம்பு இருந்ததால், அட்மிஷன் குறைந்தால் அது யாரால் குறைந்தது என்று பிரிப்பது கஷ்டம். அதோடு இது விருப்பத் திட்டம். வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்கிறவர்கள் தாங்களாகவே டியூஷனுக்கும் வந்தால், மார்க் வாங்கியது டியூஷனாலா அவர்களாலா? ஏற்கெனவே ஒழுங்காக நடந்த கிளினிக்குகள்தான் முதலில் ஓடிவந்து சேர்ந்தன, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் கண்ணால் கண்டு, இது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தது கோவிட் காலம். 2020 மார்ச்சில் நோயாளிகள் நேரில் வருவதே நின்றுவிட்டது. நேரில் வந்தால் மட்டும் பணம் என்றிருந்த கிளினிக்குகளுக்கு ஒரே வாரத்தில் கல்லாப்பெட்டி காலி. எங்களுக்கு அந்த மூன்று மாத முன்பணம் வந்துகொண்டே இருந்தது, யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. யார் யாருக்கு ஆபத்து அதிகம் என்ற பட்டியல் கையில் இருந்தது, ஒவ்வொருவரையும் கூப்பிட்டோம். 2021-ல் தடுப்பூசி வந்தபோது யார் போட்டுக்கொண்டார்கள், யார் இன்னும் போடவில்லை என்று கிரிஸ்ப் காட்டியது, போடாதவர்களுக்கு முன்பின் தெரியாத அதிகாரி போன் செய்யவில்லை, அவர்களுக்குக் குரல் தெரிந்த நாங்கள் செய்தோம். ஒரு பாட்டி நாலு தடவை மாட்டேன் என்று சொல்லி, ஐந்தாவது தடவை 'நீ தொல்லை பண்ணாமல் இருந்தால் போட்டுக்கொள்கிறேன்' என்றார்.

2022-ல் இதில் ஏழைகளுக்குத் தனிப் பணம் என்று ஒன்று வந்ததாகக் கேள்விப்பட்டேன், சரியா?
– பால்டிமோர் வாசகி

சரி. நோயும் சிக்கலாக இருந்து, குடியிருக்கும் பகுதியும் வசதி குறைந்ததாக இருந்தால், அப்படிப்பட்ட நோயாளிக்குத் தலைக்கு மாதம் 110 டாலர் கூடுதலாக கிளினிக்குக்கு வந்தது. டயாலிசிஸுக்குப் போக வண்டி, உடம்புக்கு ஆகாத சாப்பாட்டுக்குப் பதில் நல்ல சாப்பாடு, இப்படி மருந்துச் சீட்டில் எழுத முடியாதவற்றுக்குச் செலவழிப்பதற்காக. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இன்சுலின் எழுதிக் கொடுத்துவிட்டு, சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று நோயாளியைத் திட்டுவதை நான் பல வருடம் பார்த்தவள். இந்தப் பணம் வந்த அன்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அம்மா விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் எங்களோடு இருப்பார். இதில் சேர்க்க முடியுமா?
– கெய்தர்ஸ்பர்க் வாசகி

முடியாதம்மா. இது மெடிகேர் உள்ளவர்களுக்கான திட்டமாக இருந்தது. விசிட்டர் விசாவில் மெடிகேர் கிடையாது. கிரீன் கார்டு வாங்கி, தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வசித்து, 65 வயதும் ஆனால் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். அம்மா கிளம்பும் முன்பே பயண இன்ஷூரன்ஸ் எடுங்கள், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அது எதைத் தரும், எதைத் தராது என்று வரி வரியாகப் படியுங்கள். ஊரிலிருந்து மாத்திரைச் சீட்டைப் பிராண்ட் பெயர் மட்டும் இல்லாமல் உள்ளிருக்கும் மருந்தின் பெயரோடு டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். அந்தப் பதினாலு டப்பாக் கதை ஞாபகம் இருக்கட்டும்.

திட்டம் இப்போதும் இருக்கிறதா?
– பல பேர்

2018-ல் போட்டு 2019-ல் அமலுக்கு வந்த பெரிய ஒப்பந்தத்தை மத்திய அரசு 2025 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொண்டது. 2026 ஜனவரி 1 முதல் மேரிலாந்து 'அஹெட்' என்ற அடுத்த மத்திய ஏற்பாட்டுக்குள் போய்விட்டது. பெயர் மாறும், படிவம் மாறும், தொகை மாறும். அதனால் மேலே சொன்ன டாலர் கணக்கெல்லாம் பழைய திட்டத்துடையது, இதை வைத்து உங்கள் டாக்டரிடம் வாதாடாதீர்கள். இந்த மாதிரி முயற்சி மேரிலாந்தோடு பிறந்ததும் இல்லை. வெர்மான்ட் 2003-லேயே இறங்கிவிட்டது, ஓரிகன் 2009-ல் சட்டம் போட்டு ஆரம்பித்தது.

என் கிளினிக்கில் நோயாளிகள் ஆலோசனைக் குழு ஒன்றில் உட்காரக் கூப்பிடுகிறார்கள். நாம் சொல்வதை மதிப்பார்களா, இல்லை டீ பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிடுவார்களா?
– டவுசன் வாசகர்

திட்டத்தில் இருந்த கிளினிக்குகள் அப்படி ஒரு குழு வைத்தே ஆக வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் முதல் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். ரத்த அழுத்த இலக்கு, வரைபடம் எல்லாம் போட்டு இருபது நிமிடம் படம் காட்டினோம். முடிந்ததும், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டோம். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், 'உங்கள் போன் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லி முடிப்பதற்குள் என் கை நடுங்கி வேறு எதையோ அழுத்திவிடுகிறது, அதனால் நான் உங்களுக்குப் போன் பண்ணுவதே இல்லை' என்றார். வாக்கர் பிடித்து நடக்கும் ஒரு அம்மா, வாசல் கதவு தன்னால் தள்ள முடியாத அளவுக்குக் கனமாக இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் யாராவது வருகிறவரை வெளியே நிற்கிறேன் என்றார். நாலு வருடமாக நிற்கிறாராம்.

நாங்கள் யாரும் அந்தக் கதவைத் தள்ளியதே இல்லை, ஊழியர்கள் எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான் வருவோம். மறுநாள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, கதவின் மேலே இருக்கிற இழுவையைத் தளர்த்தினார். பத்து நிமிட வேலை. போன் விஷயத்துக்கு எட்டு மாதம் ஆனது.

போய் உட்காருங்கள். எங்கள் இடத்தில் பிஸ்கட் இருந்தது, டீ இல்லை, காபிதான்.